‘ரைட்ஷேர்’ ஏவுதலுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர்க்கு வணக்கம். மாணவர்களுக்கான அறிவியல் கட்டுரை ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ராக்கெட்டில் பல நிறுவனங்களின் சிறு செயற்கைக்கோள்கள் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொண்டு விண்ணுக்குப் போகின்றன அல்லவா, அந்த ‘ரைட்ஷேர்’ முறைக்குச் சொல் கிடைக்காமல் திணறுகிறேன். பழைய வரைவில் யாரோ ‘சவாரிப் பகிர்வு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தால் குதிரைவண்டிதான் கண்முன் நிற்கிறது. ‘கூட்டேவல்’ என்று போடலாமா?

ஆசிரியை:

‘ஏவல்’ வேண்டவே வேண்டாம் தம்பி. பில்லி, சூனியம், ஏவல் என்ற வரிசையில்தான் என் மாணவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். கூட்டேவல் என்றால் மந்திரவாதிகள் கூடிச் செய்வது என்பார்கள். கொஞ்சம் கவனமாகப் படிக்கிறவன் ஏவல் வினைமுற்று என்பான். ‘ஏவுதல்’ என்று முழுதாக வைத்தால் வம்பில்லை. ‘உடனேவல்’ என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதை ‘உடனே’ என்று பிரித்துப் படித்து அவசர ஏவுதல் ஆக்கிவிடுவார்கள்.

பொறியாளர்:

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். இங்கே இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. 2017 பிப்ரவரி 15 அன்று இஸ்ரோவின் பிஎஸ்எல்வி-சி37 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. அதில் 714 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோள்தான் (பூமியைப் படமெடுப்பது) முதன்மை. மற்ற 103-ம் சேர்ந்தே அந்த எடை வராது. சுற்றுப்பாதை முதன்மைக் கோளுக்காக அமைந்தது, மற்றவை இடமிருந்ததால் ஏறிக்கொண்டன.

2021 ஜனவரி 24 அன்று ஸ்பேஸ்எக்ஸ் அனுப்பிய டிரான்ஸ்போர்ட்டர்-1 வேறு வகை. 143 கோள்கள், முதன்மை என்று எதுவும் கிடையாது. பாதையையும் நாளையும் ஏவும் நிறுவனமே முடிவு செய்கிறது. எடைக்கு ஏற்பக் கட்டணம். உங்கள் கோள் தயாராகவில்லையென்றால் ராக்கெட் உங்களுக்காகக் காத்திருக்காது. முதல் வகைக்கு ‘உடன்பயணி’ போதும். நமக்குச் சொல் தேவைப்படுவது இரண்டாவதற்கு.

‘கூட்டு’ எனக்கும் உடன்பாடில்லை. 2025 ஜூலையில் ஏவப்பட்ட நைசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ஒரே செயற்கைக்கோள். அதுதான் கூட்டுத் திட்டம். ரைட்ஷேரில் போகிறவர்களுக்குள் எந்தக் கூட்டும் இல்லை, ஒருவர் இன்னொருவரின் போட்டியாளராகக்கூட இருக்கலாம். பத்து சென்டிமீட்டர் கனசதுரமான சிறு கோள்கள் அவரவர் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும். உரிய நேரத்தில் பெட்டியின் கதவு திறக்கும், உள்ளிருக்கும் சுருள்வில் மெதுவாக வெளியே தள்ளிவிடும். ஒன்றோடொன்று மோதாதபடி திசையையும் நேரத்தையும் மாற்றி மாற்றி விடுவிப்பதில்தான் திறமை இருக்கிறது.

புலவர்:

பொறியாளர் விளக்கியதற்கு நம்மிடம் சொல் உண்டு: சாத்து. வணிகர்கள் தத்தம் சரக்கோடு, ஒரே வழியில், பாதுகாப்புக்காகச் சேர்ந்து போகும் கூட்டம். சரக்கு அவரவருடையது, வழி மட்டுமே பொது. கோவலனின் தந்தைக்கு மாசாத்துவான் என்று பெயர் வந்தது சும்மாவா? ‘வலவன் ஏவா வான ஊர்தி’, அதாவது ஓட்டுபவன் செலுத்தாமலே வானில் செல்லும் ஊர்தி, என்று புறநானூற்றில் பாடியவர் யார்? உறையூர் முதுகண்ணன் சாத்தனார்! ‘விண்சாத்து’ என்பது என் முன்மொழிவு.

ஆசிரியை:

ஐயா, அந்த வரி இல்லாமல் இந்தக் குழுவில் விண்வெளி பற்றிய ஒரு விவாதமும் முடிந்ததில்லை. அது ஏவாத ஊர்தி, நமக்கு வேண்டியது ஏவிய ஊர்தி. வகுப்பில் ‘சாத்து’ என்றால் ஒருவன் கதவைச் சாத்துவான், இன்னொருவன் பக்கத்திலிருப்பவனைச் சாத்துவான். அதுபோக, சாத்து வடமொழி ‘சார்த்த’ என்பதன் திரிபு என்று சொல்பவர்கள் உண்டே? தனித்தமிழ் பேசும் தாங்களா இதை முன்மொழிவது?

புலவர்:

சார் என்னும் வேரிலிருந்து சார்த்து, அதிலிருந்து சாத்து. சார்ந்து செல்வதால் சாத்து. வடமொழிதான் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது என்பது என் கட்சி. இறைவனுக்கு மாலை சாத்துவதும் மேனியைச் சார்த்துவதுதானே? இது பற்றி விரிவாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

வெள்ளிக்குப் பிறகு எழுதுங்கள் ஐயா! இப்போதைக்கு என் கையிலிருப்பவை இரண்டு. ‘பங்கு ஏவுதல்’ என்றால் பங்குச்சந்தை வந்துவிடுகிறது. ‘பகிர்வு ஏவுதல்’ பரவாயில்லை, ஆனால் பகிரப்படுவது என்ன என்று தெரியவில்லை. ‘பகிர்பயண ஏவுதல்’ என்று வைத்தால்? பகிர்பயணம் வினைத்தொகை, ஏவுகணை, ஏவுகலம் போல.

பொறியாளர்:

எனக்குச் சம்மதம். பகிரப்படுவது பயணம்தான், பணி அல்ல. அந்த வேறுபாடு சொல்லிலேயே இருக்கிறது.

ஆசிரியை:

நீளம்தான். ஆனாலும் முதல்முறை கேட்பவனுக்கே புரியும். என் வாக்கு இதற்கு.

புலவர்:

வினைத்தொகையில் ‘பயணம்’ வந்து உட்காருவதா? அது ‘பிரயாணம்’ தேய்ந்து வந்தது. செல் என்பதிலிருந்து பிறந்த ‘செலவு’ நமக்குப் பயணத்தைக் குறித்த சொல். ‘பகிர்செலவு’ என்று வையுங்கள். பயணமும் பகிரப்படுகிறது, பணமும் பகிரப்படுகிறது, ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டன. ஏவுதல் தள்ளிப்போனால் ‘செலவழுங்கல்’ என்று, தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவதைப் பாடும் அகத்துறையே ஆயத்தமாக இருக்கிறது.

பொறியாளர்:

உண்மையைச் சொன்னால், இது சாத்தை விட நன்றாக இருக்கிறது. பொருளும் பொருந்துகிறது. ஆனால் ‘பகிர்செலவுக்கு 143 கோள்கள்’ என்று எழுதினால் கணக்குப்பிள்ளை மட்டும்தான் படிப்பார்.

மொழிபெயர்ப்பாளர்:

பகிர்பயண ஏவுதல், உடன்பயணிக் கோள். இரண்டையும் அனுப்பிவிட்டேன். பதிப்பாசிரியர் ‘பயண’ என்பதை வெட்டிவிட்டு ‘பகிர்வு ஏவுதல்’ ஆக்கலாம், அது அவர் பாடு. அனைவர்க்கும் நன்றி.

புலவர்:

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்க. பகிர்செலவு. இன்னொன்று: எல்லாரையும் ஒரே பாதையில் இறக்கிவிட்டபின், சில கோள்களை அவற்றுக்கு உரிய பாதைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறு கலம் ஒன்று உண்டாமே. அதற்கு என்ன சொல் வைத்தீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்:

‘இழுவைக் கலம்’ என்று போட்டிருக்கிறேன் ஐயா. தயவுசெய்து தனி இழையில்.