தொற்றுப் பயமும் படிக்கிற பிள்ளைகளும்: மலையில் நாம் பார்த்தது

கோத்தகிரி டீச்சர்:

ஒரு மாணவி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள், அதனால் எழுதுகிறேன். 2020 ஜூலை, கொரோனா காலம். பள்ளி பூட்டிக் கிடந்தது, பஸ்ஸும் நின்றுவிட்டது. புத்தகத்தை மட்டும் எப்படியாவது பிள்ளைகளிடம் சேர்த்துவிடச் சொல்லியிருந்தார்கள். வர வழியில்லாத பிள்ளைகளுக்கு நானும் இன்னொரு சாரும் ஜீப்பில் கொண்டுபோனோம்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு எஸ்டேட் லைன், தேயிலைத் தொழிலாளர் வீட்டு வரிசை. அவள் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிற பெண், அன்றைக்கு வாசலுக்குக்கூட வரவில்லை. ஜன்னலுக்குள் இருந்து, "அந்தத் துவைக்கிற கல்லு மேல வெச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றாள். வைத்தேன். திரும்பி நடக்கும்போது கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடி இதை யாரு யாரு தொட்டாங்க?"

லாரி, குடோன், அலுவலகம், வாட்ச்மேன், நான். யாரைச் சொல்ல? "ரெண்டு மூணு நாள் வெயில்ல போட்டு எடும்மா" என்றேன். ஜூலை மூடுபனியில் வெயிலுக்கு அவள் எங்கே போவாள்! பிறகு அவள் அம்மாவைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பார்த்தேன். எல்லாப் புத்தகத்தையும் அடுப்புக்கு மேலே கட்டிப் புகை காட்டியிருக்கிறாள். கணக்குப் புத்தகம் ஓரம் கருகிவிட்டதாம். "தனக்கு வந்துடும்னு பயமில்ல டீச்சர். தம்பிக்கு இவளால ஒட்டிக்கும்னுதான்" என்றார். தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது.

2021 ஜனவரி 19-ம் தேதி பத்தும் பன்னிரண்டும் திறந்தபோது வந்தாள். உறைபனிக் காலம். அந்தக் குளிரில் குழாய்த் தண்ணீரிலேயே சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவி, விரல் முட்டியெல்லாம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. பேனாவைப் பிடிக்க முடியாமல் பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் யாராவது இப்படிப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

பந்தலூர்ப் பையன்:

டீச்சர், நான் அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் சீனியர் செட். 2020 ஜூன் 9-ம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து என்று சொல்லி, காலாண்டு அரையாண்டு மார்க்குக்கு 80, வருகைக்கு 20 என்று போட்டு எல்லாரையும் பாஸ் ஆக்கினார்களே, அந்த செட். இன்றைக்கும் இன்டர்வியூவில் 2020 என்று பார்த்தால் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அது கிடக்கட்டும்.

பிளஸ் ஒன் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. வீட்டில் டவர் கிடையாது. தேவாலா பக்கம் தேயிலைக் காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால் ரெண்டு கோடு வரும். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கூட்டம் அங்கேதான். அப்பாவுக்கு சுல்தான் பத்தேரியில் மர வேலை. தாளூர் செக்போஸ்ட்டை மூடியதும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு, ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தார். கேரளாவில்தானே முதலில் வந்தது, அதனால் எங்கள் வீட்டின் மேல் லைனுக்கே ஒரு கண்.

ஒரு நாள் பாறையில் எனக்கு இருமல் வந்துவிட்டது. விறகு அடுப்பு, ஈரச் சுவர், தேவாலா மழை. எங்கள் பக்கம் ஆடி மாசத்தில் இருமாதவன் யார்? யாரும் எழுந்து ஓடவில்லை, எதுவும் பேசவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னம் உப்புவது தெரியும் இல்லையா, மாஸ்க்குக்கு மேலேயே தெரிந்தது. என் கூடவே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள்.

அப்புறம் நான் பாறைக்குப் போகவில்லை. வாயில் மிளகை அடக்கிக்கொண்டு இருமலை விழுங்கக் கற்றுக்கொண்டேன். இப்போது கோயம்புத்தூரில் வேலை. தியேட்டரில் தொண்டை கரகரத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். கூட வருகிறவர்கள் சிகரெட் பிடிக்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நேர்பேச்சு:

டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். புத்தகத்தைத் தொட்டு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. இது மூச்சில் பரவும் நோய். பொருளைத் தொட்டு வருகிற வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டது. "வெயிலில் வை" என்றதற்குப் பதிலாக "சும்மா எடுத்துப் படி" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தப் பெண் கையைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். காலையிலிருந்து இரவு வரை டிவியில் எண்ணிக்கை ஓடியது, அதுதான் பிள்ளைகளைக் கெடுத்தது. எங்கள் வீட்டிலும்தான் கேரட்டைச் சோப்பில் கழுவினோம், பால் பாக்கெட்டைக் கழுவினோம். என் பெண்ணும் கூடவே கழுவினாள். ஆறு மாசத்தில் எல்லாரும் மறந்துவிட்டோம். மலைப் பிள்ளைகள் எதையும் தாங்குவார்கள், இதைப் பெரிதாக்க வேண்டாம்.

பூம்பாறை அக்கா:

நேர்பேச்சு சார், நீங்கள் சொல்கிற அந்தக் கணக்கு வந்தது 2021 ஏப்ரலில். டீச்சர் ஜீப்பில் போனது 2020 ஜூலையில். அப்போது கலெக்டர் ஆபீஸ் வாசலிலேயே கிருமிநாசினி அடித்துக்கொண்டிருந்தார்கள். தெரியாத காலத்துக்குத் தெரிந்த காலத்தின் பதிலைக் கொண்டுபோகாதீர்கள்.

என் தம்பி கதை. ஊரில் டவர் இல்லாததால் கோவையில் அறை எடுத்து அங்கிருந்தே ஆன்லைன் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2021 இரண்டாம் அலையில் கோவை எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும், கடைசியில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் சென்னையையே தாண்டியது. மே 24 முழு ஊரடங்குக்கு முன்னால் 22, 23 இரண்டு நாள் பஸ் விட்டார்களே, அதில் ஏறிப் பழனி வழியாக வந்துவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் ஊருக்குள் வேண்டாம் என்றார்கள். மேலே எங்கள் பூண்டுத் தோட்டத்துக் கொட்டகையில் தங்க வைத்தோம். அம்மா வரப்பில் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கூப்பிடுவார், அம்மா இறங்கிப் போன பிறகுதான் அவன் எடுப்பான். சண்டை ஒன்றும் இல்லை, அவனே கேட்டுக்கொண்டதுதான் அது.

கோவையிலிருந்து ஒரு ஆக்சிமீட்டர் வாங்கி வந்திருந்தான், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிற கருவி. முதல் ராத்திரியே போன். "அக்கா, 86 காட்டுது." 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று டிவியில் சொல்லிச் சொல்லி மனப்பாடம். கொடைக்கானல் போக வண்டி இல்லை, மழை தூறுகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். கதவைத் திறக்கமாட்டேன் என்கிறான். "நீ போயிடுக்கா, நீ போயிடு" என்று உள்ளேயிருந்து கத்துகிறான், கத்துகிறவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பது எனக்கு அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை. எங்கள் கிராம சுகாதாரச் செவிலியருக்குப் போன் போட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "விரல் ஜில்லுன்னு இருக்கா?" பூம்பாறையில் ராத்திரி பதினொரு மணிக்கு யார் விரல் ஜில்லென்று இருக்காது? "அடுப்பைப் பத்தவெச்சுக் கையை நல்லாக் காயவெச்சிட்டு மறுபடி போடச் சொல்லும்மா." போட்டான். 97.

குளிரில் விரலுக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும், அப்போது அந்தக் கருவி குறைத்துக் காட்டும். நகப்பூச்சு இருந்தாலும் அப்படித்தான். கீழே சமவெளிக்காரர்களுக்காகச் சொன்ன பாடத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

ரிசல்ட் நெகட்டிவ்தான் வந்தது. ஆனால் அவனுக்கு அந்த 86 போகவில்லை. வகுப்பு நடுவில் விரலை மாட்டுவான், சாப்பிடும்போது, தூக்கத்தில் எழுந்து. அந்த செமஸ்டரில் அரியர். பிறகு தேனி க.விலக்கு அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். பாதி நாள் மலை இறங்கவே போய்விடும். பக்கத்தில் இருந்திருந்தால் எப்போதோ போயிருப்போம்.

குன்னூர் பென்ஷனர்:

எல்லாருக்கும் வணக்கம். என் பேத்தியும் அந்தக் காலத்தில் ஸ்விட்ச்சை முழங்கையால்தான் போடுவாள். அவ்வளவுதான் எங்கள் அனுபவம். ஆனால் பெற்றோர்களுக்குச் சில விஷயம் சொல்ல விரும்புகிறேன்.

இது நம் வீட்டில் மட்டும் நடந்தது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். முதல் வருஷத்திலேயே பதற்ற நோயும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. 2021-ல் யுனிசெஃப் 21 நாடுகளில் 15 முதல் 24 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, மனக்கஷ்டத்துக்கு இன்னொருவர் உதவியை நாடுவது நல்லது என்று சொன்னவர்கள் நம் நாட்டில் 41 சதவீதம்தான். அந்த 21 நாட்டுச் சராசரி 83. இதிலிருந்து என்ன தெரிகிறது? நம் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

ஆகவே பிள்ளைகளிடம் தினமும் பேசுங்கள். திரும்பத் திரும்பக் கை கழுவுவது ஓசிடி என்கிற மனநோயாக இருக்கலாம், திட்டினால் போகாது. தொட்டுவிட்டு, உடனே கழுவாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கப் பழக்குகிற சிகிச்சை இருக்கிறது. அதை மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும், வீட்டில் நாமே ஆரம்பித்துப் பிள்ளையை மிரட்டக் கூடாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. காலையில் சுக்குக் காபி கொடுங்கள். போனைப் பிடுங்கி வையுங்கள். லேம்ப்ஸ் ராக் வரை நடக்க விடுங்கள். நாங்கள் படித்த காலத்தில் அருவங்காட்டிலிருந்து நடந்தே பள்ளிக்கு வருவோம், எங்களுக்கு எந்த மனநோயும் வந்ததில்லை. வாழைப்பழம் நல்லது.

பந்தலூர்ப் பையன்:

தாத்தா, 14416 வந்ததே 2022 அக்டோபரில். நான் இருமியது 2020-ல். அப்போது இருந்தாலும் அந்தப் பாறைக்கு ஏறித்தான் பேசியிருக்க வேண்டும், பாறையில் பசங்க இருப்பாங்க. போனையும் பிடுங்கி வைக்கச் சொல்கிறீர்கள், அப்புறம் எதில் பேசுவது?

குந்தா செவிலியர்:

டவர் பற்றிச் சிரித்தாலும் அது உண்மைதான். நான் எழுத வந்தது வேறு. வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஒட்டுவோமே, அந்த ஸ்டிக்கர். மஞ்சூர் பக்கம் ஒரு வீட்டில் அப்பாவுக்கு பாசிட்டிவ். மறுநாள் போனால் ஸ்டிக்கரில் பாதி இல்லை. திரும்ப ஒட்டினோம். அடுத்த நாளும் இல்லை. வீட்டில் ஒரு பெண், பிளஸ் டூ. காய் நறுக்கும் கத்தியால் ராத்திரியில் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறாள். கேட்டதற்கு, "காய்ச்சல் அப்பாவுக்கு, பேரு எனக்கு. பள்ளிக்கூடம் தொறந்தா கொரோனா வீட்டுப் பொண்ணுன்னு கூப்பிடுவாங்க" என்று அழுதாள். பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்பதை அவள் முன்கூட்டியே நூறு தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உரிய உத்தரவு இல்லாமல் வீட்டில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றது. அதற்குள் எத்தனை கதவில் பசை காய்ந்துவிட்டது.

எங்களையும் கொஞ்சம் நினையுங்கள். ஒட்டச் சொன்னால் ஒட்டத்தான் வேண்டும். நானே என் வீட்டில் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போவேன், என் பையன் மாடிப்படியில் நின்று டாட்டா காட்டுவான்.

நேர்பேச்சு:

ஸ்டிக்கர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றபடி டிவியைப் பற்றி நான் சொன்னது சரிதான்.

பூம்பாறை அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குளிர் விரல் விஷயம் உறுதிதானா? என் பெண் இப்போது ஊட்டியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். பையில் ஆக்சிமீட்டர் வைத்திருக்கிறாள் என்று வார்டன் போன வாரம் சொன்னார். நான் பரீட்சை டென்ஷன் என்று விட்டுவிட்டேன். காலையில் 90 காட்டியது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை.

பூம்பாறை அக்கா:

உறுதிதான் சார். கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். அப்போதும் 94-க்குக் கீழே காட்டினால், இல்லை நடந்தால் மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சரியாகக் காட்டினால் உடம்புக் கவலை இல்லை. ஆனால் தயவுசெய்து அதைப் பையிலிருந்து பிடுங்காதீர்கள். நாங்கள் பிடுங்கினோம், அவன் மெடிக்கலில் போய் இன்னொன்று வாங்கினான். க.விலக்கு டாக்டர் வேறு மாதிரி செய்தார். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை மட்டும் என்று ஆரம்பித்து, அப்புறம் ஒரு தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. மாத்திரையும் கொஞ்ச நாள் கொடுத்தார்.

உங்களுக்கு மலை இறங்க வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மனநலப் புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை என்று முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அவளிடம் சொல்லிவிட்டே கூட்டிப் போங்கள், பல் டாக்டர் என்று ஏமாற்றி வேண்டாம்.