ஹெவி க்ரூசருக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆவணப்படத்துக்கு சப்டைட்டில் முடிச்சுக் குடுக்கணும். பிரின்ஸ் ஆய்கன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பலோட கதை, அது ஹெவி க்ரூசர் வகை. 1941 மே மாசம் பிஸ்மார்க்ங்கிற பெரிய ஜெர்மன் போர்க்கப்பல் கூட கிளம்புனது, ஹூட்ங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்குன சண்டைல இருந்தது, 1942 பிப்ரவரில ஆங்கிலக் கால்வாயப் பட்டப்பகல்ல தாண்டுனது. 'கனரக விரைவுக்கப்பல்'னு எழுதி வெச்சேன், மனசு ஒப்பல. கூடப் போற சின்னப் போர்க்கப்பல் டெஸ்ட்ராயர் இதைவிட வேகமாச்சே, அப்புறம் இதுக்கு மட்டும் எதுக்கு விரைவு?

—

தம்பி, 'கனரக'மும் பொருந்தாது. 1930 லண்டன் கடற்படை ஒப்பந்தத்துல க்ரூசர்கள எடைய வெச்சுப் பிரிக்கல, பீரங்கி வாய் அளவ வெச்சுதான் பிரிச்சாங்க. 155 மில்லிமீட்டருக்கு மேல போனா ஹெவி. ஆய்கன்ல 203 மில்லிமீட்டர் பீரங்கி எட்டு. க்ரூசர்ங்கிறது டச்சுக்காரங்க சொல்லுலேந்து வந்தது, கடல்ல குறுக்கும் நெடுக்கும் திரியறது, சிலுவைக்கும் அதே வேர்தான். அதனால 'திரிகலம்'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, ஒற்று மிகாது. ஹெவிக்கு 'வன்' சேத்தா வன்றொடர் மாதிரி 'வன்றிரிகலம்'. வல்லினம்னு நாம சொல்றதும் எடையப் பாத்து இல்லையே!

—

ஐயா, இலக்கணம் சரி, ஆனா சப்டைட்டில் ரெண்டு செகண்ட்தான் நிக்கும். வன்றிரிகலத்தப் பிரிச்சுப் படிக்கறதுக்குள்ள கப்பலே போயிடும். நேத்து வகுப்புல 'திரிகலம்'னு போர்டுல எழுதுனேன், ஒரு பொண்ணு "விளக்கு வெச்ச கப்பலா மிஸ்?"னு கேட்டா. ரேடாரும் டார்பிடோவும் அப்படியே எழுதறோம், க்ரூசரும் இருக்கட்டும். தமிழ்தான் வேணும்னா 'உலாக்கலம்'.

—

அக்கா, உலான்னா சாமி தேர்ல வர்றதுதான் கண்ணுக்குத் தெரியுது. நார்வே பக்கம் டார்பிடோ பட்டு பின்பக்கமே பிய்ஞ்சு போன கப்பலுக்கு அது ஒட்டல. இன்னொண்ணு, லுட்சோ, ஷீர்ங்கிற ரெண்டு கப்பலையும் ஜெர்மானியரே மொதல்ல 'கவசக்கப்பல்'னுதான் சொன்னாங்க, 1940ல ஹெவி க்ரூசர்னு மாத்துனாங்க. அவங்க அப்பப்ப மாத்துன பேருக்கு நாம வேர் தேடிட்டு இருக்கோம்.

—

எல்லாருக்கும் நன்றி. மொதல் தடவை 'பெரும்பீரங்கி க்ரூசர்', அதுக்கப்புறம் வெறும் 'க்ரூசர்'னு போட்டு அனுப்பிடறேன்.

—

போடுங்க தம்பி, கெடு இருக்கு. ஆனா 1946ல பசிபிக் கடல் பிகினித் தீவுல ரெண்டு அணுகுண்டு சோதனையத் தாங்கி, குவாஜலின் தீவுல கவுந்து கெடக்கற ஆய்கன் என் கட்டுரைல திரிகலம்தான். 'விளக்கு வெச்ச கப்பலா'னு கேட்ட பொண்ணுகிட்ட 'ஊர் திரியறது'ல வர்ற திரின்னு சொல்லுங்கம்மா, புரிஞ்சுக்கும்.