பழைய கடல் வரைபடத்தில் எடுத்த இடம் ஜிபிஎஸ் கருவியில் விலகுகிறது – உதவி தேவை

கேள்வி (படகு உரிமையாளர், தூத்துக்குடி)

வணக்கம். தூத்துக்குடிக்குக் கிழக்கேயுள்ள சில பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைப் பழைய அச்சு வரைபடம் ஒன்றிலிருந்து எடுத்து ஜிபிஎஸ் கருவியில் பதித்திருக்கிறேன். கருவி காட்டும் இடத்தில் எக்கோ சவுண்டரில் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) சமமான மணல் தரைதான் தெரிகிறது. அங்கிருந்து வடமேற்கே இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர் போன பிறகே பார் தட்டுப்படுகிறது. வரைபடத்தின் ஓரத்தில், செயற்கைக்கோள் வழியே பெறும் இருப்பிடங்களை 0.10 நிமிடம் தெற்காகவும் 0.08 நிமிடம் கிழக்காகவும் நகர்த்திக் குறிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அளவுகளைச் சேர்த்துப் பதித்தால் விலகல் குறைவதற்குப் பதிலாக ஏறக்குறைய இருமடங்காகிறது. கருவியில் கோளாறா, வரைபடத்தில் கோளாறா?

மறுமொழி 1

ஐயா, முதலில் அளவுகளைப் பதித்த முறையைப் பாருங்கள். 8° 47.30' என்பதை 8° 47' 30" என்று பதித்தால் 0.2 நிமிடம், அதாவது 370 மீட்டர் அளவுக்கு இடம் மாறிவிடும். எல்லாப் பார்களும் ஒரே திசையில்தான் விலகுகின்றனவா?

கேட்டவர்

ஆம் ஐயா, எல்லாமே வடமேற்கில்தான். தூரமும் பெரிதாக மாறவில்லை.

மறுமொழி 2 (கப்பல் மாலுமி, ஓய்வு)

அப்படியானால் பதித்த முறையில் பிழை இல்லை. அந்தப் பிழை இடத்துக்கு இடம் வேறு வேறு தூரம் காட்டும். டேட்டம் (அட்சரேகை, தீர்க்கரேகைகளை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் பூமி மாதிரி) மாறுபாடோ இந்தச் சிறிய பரப்புக்குள் ஒரே திசையில், ஒரே அளவில் இருக்கும். உங்கள் வரைபடம் எவரெஸ்ட் நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கான ஒரு கணக்கு) அடிப்படையாகக் கொண்ட இந்திய டேட்டத்தில் வரையப்பட்டது என்று தோன்றுகிறது. தலைப்புக்குக் கீழேயுள்ள குறிப்பில் அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 1830இல் கணிக்கப்பட்ட அந்த நீள்கோளத்தின் நிலநடுக்கோட்டு ஆரம், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இன் ஆரத்தைவிட எண்ணூறு மீட்டருக்கு மேல் குறைவு. இரண்டின் மையங்களும் ஒன்றல்ல.

இந்தியாவுக்கென வெளியிடப்பட்ட மாற்று மதிப்புகளான 295, 736, 257 மீட்டரை (இரு மையங்களுக்கும் இடையே மூன்று அச்சுகளிலும் உள்ள விலகல்), டேட்டம் மாற்றப் பயன்படும் மோலோடென்ஸ்கி சமன்பாட்டில் இட்டுத் தூத்துக்குடிக் கடலுக்குக் கணக்கிட்டால், இந்திய டேட்டத்திலிருந்து டபிள்யூஜிஎஸ் 84க்கு வரும்போது அட்சரேகை சுமார் 6.2 விநாடி வடக்கேயும் தீர்க்கரேகை சுமார் 4.6 விநாடி மேற்கேயும் நகர்கின்றன. மொத்தம் ஏறக்குறைய 235 மீட்டர், வடமேற்கில். நீங்கள் கடலில் கண்டதும் அதுதான்.

வரைபடக் குறிப்பும் இதையே சொல்கிறது, ஆனால் எதிர்த்திசையில். கருவியில் வரும் இருப்பிடத்தைத் தாளில் குறிப்பதற்காக எழுதப்பட்ட குறிப்பு அது. நீங்கள் தாளிலிருந்து எடுத்துக் கருவிக்குக் கொண்டுபோவதால் 0.10 நிமிடம் வடக்கு, 0.08 நிமிடம் மேற்கு என்று திருப்பிக்கொள்ள வேண்டும். எத்தனையோ படகுகளில் பார்த்த குழப்பம்தான் இது. அந்தக் குறிப்பை இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. கணக்குப் போடாமல் கருவியிலேயே டேட்டத்தை மாற்றிவிட முடியாதா?

மறுமொழி 2

முடியும். பல கைக்கருவிகள் புள்ளிகளை உள்ளுக்குள் டபிள்யூஜிஎஸ் 84இலேயே வைத்திருக்கும்; டேட்டம் அமைப்பு, திரையில் காட்டும் எண்களையும் நாம் பதிக்கும் எண்களையும் மட்டுமே மாற்றும். ஆகவே அமைப்பை இந்திய டேட்டத்துக்கு மாற்றி, தாளிலுள்ள எண்களை அப்படியே பதித்து, மறக்காமல் டபிள்யூஜிஎஸ் 84க்குத் திருப்பிவிட்டால் எண்கள் தாமாகவே மாறியிருக்கும். ஒரு புள்ளியை மட்டும் பதித்து, மேலே சொன்ன ஆறு விநாடி மாற்றம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் வங்கதேசத்துக்கும் தாய்லாந்துக்கும் தனித்தனி இந்திய டேட்டங்கள் இருக்கக்கூடும். அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கையால் கணக்கிட்டுத் திருத்திய எண்களை இந்த முறையில் பதித்தால் திருத்தம் இரண்டு முறை சேர்ந்துவிடும்.

மறுமொழி 3

இலங்கையின் பழைய வரைபடங்களிலிருந்து இடங்களை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பயன்பட்ட கண்டவாலா டேட்டமும் எவரெஸ்ட் நீள்கோளத்தையே கொண்டது என்றாலும், அதிலிருந்து டபிள்யூஜிஎஸ் 84க்கு வரும்போது தீர்க்கரேகை மேற்கே அல்ல, கிழக்கே நகரும். இந்தியத் திருத்தத்தை அதற்குப் போட்டால் விலகல் கூடத்தான் செய்யும்.

கேட்டவர்

தாளில் எவரெஸ்ட் என்றுதான் இருக்கிறது. திருப்பிப் போட்ட அளவுகளோடு போனபோது கருவி காட்டிய இடத்திலேயே எக்கோ சவுண்டரில் தரை மேடேறியது.

மறுமொழி 2

நல்லது. இருந்தாலும் மாற்று மதிப்புகளிலேயே பத்துப் பதினைந்து மீட்டர் ஐயப்பாடு உண்டு, பழைய அளவீட்டின் பிழை வேறு இருக்கும். ஆழம் குறைந்த பார்களை நெருங்கும்போது ஜிபிஎஸ் புள்ளியை நம்பி வேகமாகப் போகாமல் எக்கோ சவுண்டரைப் பார்த்தே செல்லுங்கள்.