வார்சாவில் பார்த்த பால் கேன்

தம்பியைப் பார்க்கப் போலந்து போயிருந்தபோது, வார்சாவிலுள்ள யூத வரலாற்று நிறுவனத்துக்கும் போனேன். நுழைகூடத்துத் தரையில் இன்னும் தீக்கறை இருக்கிறது. 1943 மே மாதம் பக்கத்திலிருந்த பெரிய யூத ஜெபக்கூடத்தை நாஜிகள் வெடிவைத்துத் தகர்த்தபோது பரவிய தீ அது. உள்ளே ஒரு பழைய பால் கேன். நம் ஊர்ப் பால்காரர் சைக்கிளில் கட்டிவருவாரே, ஏறக்குறைய அதே மாதிரி.

போர்க்காலத்தில் அதற்குள் காகிதங்களை ஒளித்து மண்ணில் புதைத்திருந்தார்கள். அதற்குக் காரணம் இமானுவேல் ரிங்கெல்ப்ளூம். வார்சா யூதர்களின் பழைய வரலாற்றை ஆராய்ந்து 1927-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1940 நவம்பரில் யூதர்களை ஒதுக்கிவைத்த பகுதியான கெட்டோவை நாஜிகள் அடைத்த அதே மாதம், ரகசிய ஆவணக் குழு ஒன்றைத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் கூடியதால் 'ஓனெக் ஷபாத்' (யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையின் மகிழ்ச்சி) என்று பெயர்.

அவர் எதையெல்லாம் சேர்த்தார் என்பதுதான் என்னை உலுக்கியது. ரேஷன் கார்டு, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், நாடக நோட்டீஸ், பிள்ளைகள் எழுதிய கட்டுரை. படித்தவர்கள் மட்டும் எழுதினால் போதாது என்று ரப்பி (யூத மதகுரு), தபால்காரர் என எல்லோரையும் எழுத வைத்தார். இலவச சூப்புக் கூடம் நடத்திய ரேச்சல் ஆவர்பாக்கிடம், அங்கே வருகிறவர்களைப் பற்றி எழுதச் சொன்னார். பசியில் சாகிறவர்களைத் தினமும் பார்த்தவர் அவர்தானே.

1942 ஆகஸ்டில், ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு யூதர்களை ஏற்றி ரயில்கள் போய்க்கொண்டிருந்தபோது, 10 தகரப் பெட்டிகளை ஒரு பள்ளியின் நிலவறையில் புதைத்தார்கள். உதவிய தவித் கிராபருக்கு வயது 19. உலகத்திடம் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்துவிட்டோம் என்று எழுதி அதையும் உள்ளே வைத்தான். மறு வருடம் இரண்டு பால் கேன்கள்.

ரிங்கெல்ப்ளூம் பிறகு ஒரு பதுங்கறையில் ஒளிந்திருந்தார். அங்கேயும் எழுதினார். 1944 மார்ச்சில் கண்டுபிடித்து அவரையும், மனைவியையும், மகன் யூரியையும் சுட்டுக் கொன்றார்கள். இடம் கொடுத்த போலந்துக்காரரையும் விடவில்லை.

குழுவில் 50, 60 பேர். போருக்குப் பின் மிஞ்சியது மூவர். அதில் ஆவர்பாக்கும் ஒருவர். தோண்டித் தேடியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். 1946-ல் பெட்டிகள் கிடைத்தன, தண்ணீர் புகுந்து காகிதம் ஊறியிருந்தது. 1950-ல் கிடைத்த கேன்களில் சேதம் குறைவு. எல்லாம் சேர்த்து சுமார் 35,000 பக்கங்கள். தனியாகப் புதைத்த மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

வார்சா போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள். போக முடியாதவர்கள், நிறுவனம் இணையத்தில் ஏற்றியிருக்கும் ஸ்கேன்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), போலிஷ் மொழிகள்தான். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கையெழுத்துகளைப் பாருங்கள்.