பால்போல் வெளுத்த நீச்சல் குளத்து நீர்: எங்கள் அனுபவங்கள்

கோவைப் புறநகரிலிருந்து:

எங்கள் வீட்டு நீச்சல் குளம் எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உடையது. ஏறத்தாழ 45,000 லிட்டர் பிடிக்கும். சென்ற கோடை விடுமுறையில் உறவினர் பிள்ளைகள் நான்கு நாள்கள் ஓயாமல் குளித்து மகிழ்ந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர்போல் வெளுத்திருந்தது. என் தங்கை மகள் படியில் இடுப்பளவு நீரில் நின்றாள்; அவளுடைய முழங்கால்கூட எனக்குத் தெரியவில்லை. அந்த நீரில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு எதுவும் படாது என்று தோன்றியதும் எல்லோரையும் வெளியேற்றினேன். ஆழமான பக்கத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியும்வரை யாரும் இறங்கக் கூடாது என்பது அன்று முதல் எங்கள் வீட்டு விதி.

பராமரிப்புக்கு வருபவர், குளோரின் குறைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். மாலைக்குள் கலங்கல் கூடியது. மறுநாள் இன்னும் இரண்டு கிலோ ஊற்றியும் வெள்ளை நிறம் அடர்ந்ததே தவிரக் குறையவில்லை. அதன்பின்தான் சோதனைப் பெட்டி வாங்கி அளந்து பார்த்தேன்: நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவான பிஎச் 8.2 இருந்தது. 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டிய நீர் அது. பிஎச் 7.5 இருக்கும்போது, போட்ட குளோரினில் ஏறத்தாழப் பாதி கிருமியைக் கொல்லும் வலுவான வடிவில் இருக்கிறது; 8-ஐத் தாண்டினால் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆக, நாங்கள் கொட்டியதில் பெரும்பகுதி வீண். அது மட்டுமன்று, எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது. பிளீச்சிங் பவுடரோ சுண்ணாம்பிலிருந்து செய்யப்படுவது. அது நீரில் சுண்ணாம்பையும் சேர்த்து, பிஎச்சையும் ஏற்றியதால், கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து நுண்ணிய தூளாகப் பிரிந்து மிதந்தது. கலங்கலைப் போக்க ஊற்றிய மருந்தே கலங்கலுக்குக் காரணமாகியிருந்தது.

இதை உறுதிசெய்துகொள்ள ஒரு கண்ணாடித் தம்ளரில் குளத்து நீரை எடுத்து, அதில் இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி வெள்ளை கலைந்து, சில நொடிகளில் தம்ளருக்குப் பின்னாலிருந்த சுவரின் விரிசல் தெரிந்தது. தூசியோ செத்த பாசியோ ஆக இருந்திருந்தால் ஆசிட்டுக்கு அது கரைந்திருக்காது. ஏதேனும் ஒன்றை வாங்கி ஊற்றுவதற்கு முன் இந்தச் சிறு சோதனையைச் செய்யும்படி எல்லோரையும் வேண்டிக்கொள்கிறேன்.

அதன்பின் பம்பை இரவும் பகலும் ஓடவிட்டு, வேளைக்கு அரை லிட்டருக்கு மிகாமல் ஆசிட்டை வாளி நிறைந்த தண்ணீரில் ஊற்றிக் கலந்து, ஆழமான பக்கத்தில் சிறிது சிறிதாக விட்டேன். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பிஎச்சை அளந்தேன். மூன்றாம் நாள் வடிகால் மூடி தெரிந்தது. ஆசிட்டும் குளோரின் மருந்தும் ஒரே வாளியில் ஒருபோதும் சேரக் கூடாது. அவை சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் நாங்கள் இப்போது தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கிறோம்.

சென்னை, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து:

எங்களுடையது வேறு வகைக் கலங்கல். பச்சைப் பாசி பிடித்த குளத்துக்குக் குளோரின் மிகுதியாகப் போட்டோம். பச்சை போய்ச் சாம்பல் நிறம் வந்தது. பிஎச் சரியாகவே இருந்தது. செத்த பாசி மணல் வடிகட்டியில் சிக்காத அளவுக்கு நுண்ணியதாக இருந்ததால், பம்பு ஒரு வாரம் ஓடியும் பயனில்லை. என் பாட்டி மண்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து ஆற்று நீரைத் தெளிய வைப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நுண்துகள்களை ஒன்றுதிரட்டி அடியில் படிய வைக்கும் அதே வேலையைப் படிகாரம் செய்கிறது. 40,000 லிட்டருக்கு இரண்டு கிலோ படிகாரத்தைக் கரைத்துப் பரவலாக ஊற்றி, இரண்டு மணி நேரம் நீரைச் சுழலவிட்டு, பின் பம்பை நிறுத்தினோம். விடிந்தபோது மேலே பளிங்குபோன்ற நீரும், தரை முழுவதும் பஞ்சு விரித்ததுபோன்ற வண்டலும் இருந்தன.

தவறு செய்தது அதற்குப் பின்புதான். வேக்குவம் குழாயால் உறிஞ்சும்போது வால்வை வழக்கமான வடிகட்டும் நிலையிலேயே விட்டுவிட்டேன். வண்டல் மணலுக்குள் புகுந்து, பாதி மறுபக்கம் வழியாகக் குளத்துக்கே திரும்பி வந்தது. படிகார வண்டலை வால்வை ‘வேஸ்ட்’ நிலையில் வைத்து நேரே வெளியேற்றத்தான் வேண்டும். இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போகத்தான் செய்யும். குழாயை அவசரமாக இழுத்தால் படிந்ததெல்லாம் மீண்டும் எழும்பிவிடும்.

மதுரையிலிருந்து:

மேலே இருவரும் சொன்ன எல்லாவற்றையும் நான் செய்துவிட்டேன். நீர் தெளியும், பத்து நாள்களில் மங்கும். மணல் வடிகட்டியின் மேலுள்ள அழுத்தமானியின் முள் மாதக்கணக்கில் அசையாமல் இருந்ததை நல்ல அறிகுறி என்று எண்ணியிருந்தேன். வடிகட்டி அழுக்கைப் பிடித்தால் அழுத்தம் ஏற வேண்டும். அரை பார் அளவுக்கு ஏறியதும் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவ வேண்டும். ஏறவே இல்லையென்றால் அது எதையும் பிடிக்கவில்லை என்று பொருள். திறந்து பார்த்தபோது, ஏழு ஆண்டு பழைய மணல் சுண்ணாம்பேறிக் கருப்பட்டிக் கட்டிபோல் இறுகி, நடுவில் விரல் நுழையும் துளைகளோடு இருந்தது. நீர் அந்தத் துளைகள் வழியாக வடிபடாமலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. மணலை முழுவதும் மாற்றினேன். நான்காம் நாள் கரையில் நின்றபடியே வடிகால் மூடியின் திருகாணிகளை எண்ண முடிந்தது.