பாங்காக் போற சேலத்துத் தம்பிக்கு: முதல்ல படகுல ஏறப் பழகுங்க

செவ்வாய்ப்பேட்டையில இருந்து பாங்காக் சீலோம் பக்கம் நகை வேலைக்குப் போறதாவும், அங்கே போய் இருக்க என்னென்ன தெரிஞ்சுக்கணும்னும் கேட்டு எழுதியிருந்த தம்பிக்கு இந்தப் பதில். நான் அங்கே ஆறு வருஷம் இருந்துட்டு இப்ப சேலத்துக்கே வந்தாச்சு. விசா, பேங்க் கணக்கு எல்லாம் மத்தவங்க விவரமா சொல்லிட்டாங்க. என் பங்குக்கு ஒண்ணே ஒண்ணு: வீடு பார்க்கும்போது ரயில் ஸ்டேஷன் எவ்வளவு தூரம்னு கேக்கறீங்கல்ல, படகுத்துறை எவ்வளவு தூரம்னும் கேளுங்க. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு சீலோம் ரோட்டுல டாக்ஸி பிடிச்சீங்கன்னா மீட்டர் ஓடும், வண்டி ஓடாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் தோன்புரியில வாடகையும் குறைவு. துறைக்கு நடந்து போற தூரத்துல ஒரு ரூம் கிடைச்சா விட்டுடாதீங்க.

நமக்குப் படகுன்னா ஏற்காடு ஏரியில பெடல் மிதிக்கிறது. மிஞ்சிப் போனா பூலாம்பட்டியில ஏறி அக்கரை நெரிஞ்சிப்பேட்டையில இறங்கறது. பூலாம்பட்டிப் படகு ஆள் சேர்ற வரைக்கும் காத்திருக்கும். அந்த நினைப்புல பாங்காக்ல போய் நின்னீங்கன்னா படகு போயிட்டே இருக்கும்.

முதல்ல ஊருக்கு நடுவுல போற சாவ் பிரயா ஆத்துல ஓடற பெரிய படகு. சபான் தக்சின் ஸ்டேஷன்ல இறங்கினா கீழேயே சாத்தோன் துறை. துறைக்கு அவங்க பாஷையில 'தா'. படகெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால கொடியைப் பாருங்க. ஆரஞ்சுக் கொடி பகல் பூரா ஓடும், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே காசு, நான் இருந்தப்ப 16 பாட் (பாட்னா அவங்க ஊர் ரூபாய்). மஞ்சள் கொடி ஆபீஸ் நேரத்துக்கு மட்டும், பாதித் துறையில நிக்காது. நீலக் கொடி சுற்றுலாக்காரங்களுக்கு, டிக்கெட் விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி. புதுசா வந்தவங்களை எல்லாரும் அதுக்குத்தான் கைகாட்டி விடுவாங்க, மசியாதீங்க. உள்ளே கண்டக்டர் அம்மா நீளமான தகரக் குழாயைக் கலகலன்னு ஆட்டிக்கிட்டே வருவாங்க. டிக்கெட், சில்லறை எல்லாம் அதுக்குள்ளதான். பின்னாடி நிக்கற பையன் விசில் அடிச்சே ஓட்டுறவருக்குத் துறையில எப்படி அணைக்கணும்னு சொல்லுவான். ஒரு வாரத்துல அந்த விசில் உங்களுக்கே புரிஞ்சுடும். பிக்குகளுக்குன்னு இடம் ஒதுக்கியிருப்பாங்க, அங்கே போய் உக்காராதீங்க.

அடுத்தது சேன் சேப் கால்வாய்ப் படகு. ஊருக்குள்ள வேலைக்குப் போறவங்க படகு இதுதான். 1837-ல இருந்து 1840 வரைக்கும் அவங்க ராஜா மூணாம் ராமர் காலத்துல வெட்டின கால்வாய். நான் இருந்தப்ப பழைய நகரத்துப் பான்ஃபா துறையில தொடங்கிக் கிழக்கே கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் படகு ஓடுச்சு. நடுவுல பிரதுநாம்ல எல்லாரும் இறங்கி வேற படகு மாறணும். மாறத் தெரியாம உள்ளேயே உக்காந்திருந்தா உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க, என்னைப் பார்த்தும் சிரிச்சாங்க. தண்ணி கறுப்பு, நாத்தம் உண்டு. நம்ம திருமணிமுத்தாறு பார்த்த மூக்குக்கு அது ஒண்ணும் புதுசில்ல.

ஏறறதுதான் வித்தை. படிக்கட்டோ கதவோ கிடையாது. துறையில டயர் கட்டியிருப்பாங்க, படகு அதுல வந்து உரசும், நாலு எண்ணறதுக்குள்ள கிளம்பிடும். முதல் வாரம் அசோக் துறையில ஒரு கையில குடை, ஒரு கையில டிபன் கேரியரோட காலை வெச்சேன். ஒரு கால் படகுல, ஒரு கால் கரையில, நடுவுல தண்ணி அகலமாயிட்டே போகுது. டிக்கெட் கொடுக்கற பையன் சட்டையைப் பிடிச்சு உள்ளே இழுத்துப் போட்டான். சேலத்துல வாங்கின புதுச் செருப்புல ஒண்ணு கால்வாயோட போச்சு. தப்பு என் மேலதான். முதல்ல மேலே இருக்கற கயித்தைப் பிடிங்க, அப்புறம்தான் கால். பை முதுகுல இருக்கட்டும், கை ரெண்டும் காலியா இருக்கட்டும்.

ஓரத்துல உக்காந்தா உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. பக்கவாட்டுல தார்பாய் மாதிரி பிளாஸ்டிக் மறைப்பு, அதுக்கு ஒரு கயிறு. எதிர்ல படகு வந்தா இழுத்துத் தூக்கணும், துறை வந்தா தளர்த்தணும். மறந்தா உங்க வரிசை முழுக்க அந்தக் கறுப்புத் தண்ணியில குளிக்கும். டிக்கெட் கொடுக்கறவங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு வெளி விளிம்புலயே நடந்து வருவாங்க. பாலம் ரொம்பத் தாழ்வா வந்தா கூரையையே இறக்கிடுவாங்க, நீங்களும் தலையைக் குனிங்க. இறங்கற இடத்துப் பேரைச் சொல்லி மரியாதைக்கு 'க்ரப்' சேர்த்துக்குங்க, பெண்கள்னா 'கா'. காசு தூரத்தைப் பொறுத்து, இருபது பாட்டைச் சுத்தித்தான் வரும். நூறு ரூபாய்த் தாள் மாதிரி ஆயிரம் பாட்டை நீட்டாதீங்க.

நீள வால் படகு தினமும் போறதுக்கு இல்ல. லாரி எஞ்சினைத் தூக்கிப் பின்னாடி வெச்சு, நீளக் கம்பி முனையில விசிறி மாட்டியிருப்பாங்க. ஆகாயத்தாமரை சிக்கினா அப்படியே தண்ணிக்கு மேலே தூக்கிடலாம். முன் மூக்குல கலர்த் துணியும் மாலையும் கட்டியிருக்கும். படகைக் காக்கற தெய்வம் மே யா நாங் அங்கே இருக்காங்கன்னு நம்பிக்கை, அதனால மூக்கு மேல கால் வைக்காதீங்க. நம்ம லாரிக்காரர் எலுமிச்சம்பழம் கட்டற மாதிரிதான். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா தோன்புரிக் கால்வாய்களுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, ஏறறதுக்கு முன்னாடியே மொத்தத் தொகை பேசிடுங்க. அங்கே இருக்கற பாங்காக் நோய், பாங்காக் யாய்ங்கற கால்வாய் ரெண்டும் ஒரு காலத்துல ஆறே ஓடின பாதை. 1542-ல வெட்டின குறுக்கு வழி அகலமாகி அதுவே ஆறாயிடுச்சு. கரையில உடும்பு படுத்திருக்கும், முதலைன்னு அலறாதீங்க.

கைக்குழந்தையோட போறதா கேட்ட தங்கச்சிக்கு: ஆத்துப் படகுல தைரியமா போலாம், கால்வாய்ப் படகு வேண்டாம். அக்கரைக்கு மட்டும் போகணும்னா ஓடம் இருக்கு, சில்லறைக் காசுதான். அக்டோபர், நவம்பர்ல ஆறு ஏறி நிக்கும், சில துறையை மூடிடுவாங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல எதையும் நம்பாதீங்க, ரயில்தான். மல்லிகைப்பூ கேட்டிருந்தீங்க. நினைவுப் பாலத்துத் துறையில இறங்கினா பாக் க்லோங் தலாட் பூச்சந்தை, நம்ம வ.உ.சி. மார்க்கெட் மாதிரி ராத்திரி பகலா நடக்கும். மல்லி கிடைக்கும், ஆனா காம்பில்லாம மொட்டா மொட்டாக் குவிச்சு வெச்சிருப்பாங்க. நாரால தொடுக்க முடியாது, ஊசி நூல் கொண்டு போங்க. அங்கிருந்து நம்ம ஊர்க்காரங்க கடைத்தெரு பாஹுரத் நடக்கற தூரம், பருப்பு, புளி வாங்கிக்கலாம்.

தம்பி, சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க சாத்தோன் துறையில இருந்து ரயில்ல ஒரே ஸ்டேஷன், சுரசக்ல இறங்கி நடக்கலாம். உங்க வேலை இடமும் அந்தப் பக்கமாத்தான் இருக்கும். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி எந்தத் 'தா' பக்கம்னு எழுதுங்க, அங்கே எந்தக் கொடி நிக்கும்னு சொல்றேன்.