கேடிலாக்கின் சரிவு: கெட்டது தரமா, பெயரா?

அச்சாணி எழுதியது:

அமெரிக்கச் சொகுசுக் கார்களை ஜப்பானியரும் ஜெர்மானியரும் வீழ்த்திவிட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் தடத்தில் மூன்று கார்களை அக்கக்காகப் பிரித்து, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டி டியூவர் கோப்பையை வென்ற நிறுவனம் கேடிலாக். அந்தப் பெயரை 1978-க்கும் 1988-க்கும் இடையில் அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டது. கேடிலாக்கின் 1980 செவில் காரில் அடிப்படை எஞ்சினாக வந்த 5.7 லிட்டர் டீசலில், பெட்ரோல் எஞ்சினின் மேல்மூடியை (ஹெட்) இறுக்கும் போல்ட் அமைப்பையே வைத்துக்கொண்டார்கள். டீசலின் அழுத்தத்தை அது தாங்கவில்லை. எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் கிடையாது. அடுத்த ஆண்டு வந்த வி8-6-4, சுமை குறையும்போது சில சிலிண்டர்களை நிறுத்தும் எஞ்சின். அன்றைய கணினிச் சில்லின் வேகம் அதற்குப் போதாமல் கார் திணறியதால், பலர் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு எப்போதும் எட்டு சிலிண்டரிலேயே ஓட்டினார்கள். 1982-இன் எச்டி4100 எஞ்சினிலோ பிளாக் எனும் அடிப்பாகம் அலுமினியம், அதன் மேல் ஹெட் வார்ப்பிரும்பு. இரண்டும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கசிந்து எண்ணெயில் கலந்தது. மூன்று ஆண்டுகளில் மூன்று எஞ்சின்களின் சோதனைச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

மிச்சிகன் மழை எழுதியது:

அச்சாணி அவர்களே, எஞ்சின்கள் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அவை ஏன் அவசரப்பட்டுச் சந்தைக்கு வந்தன என்பதை விட்டுவிட்டீர்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975-இல் வந்த சட்டம், 1985-க்குள் ஒரு கேலனுக்கு 27.5 மைல் என்ற சராசரியை எட்டச் சொன்னது. பெரிய கார்களையே நம்பியிருந்தவர்களுக்கு அது கழுத்தில் விழுந்த சுருக்கு. சிலிண்டர்களை நிறுத்தும் அதே உத்தி இன்று பல வி8 எஞ்சின்களில் யாருக்கும் தெரியாமல் வேலை செய்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மேலும் உங்கள் கடிகாரம் 1988-இல் நின்றுவிட்டது. 1990-இல் அமெரிக்க அரசின் மால்கம் பால்ட்ரிஜ் தர விருது கேடிலாக்குக்கு வந்தது. 2011-இல் ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனத்தின் நம்பகத்தன்மை ஆய்வில், ஃபோர்டின் சொகுசுப் பிரிவான லிங்கன் முதலிடம் பெற்றது. தரம் திரும்பிவிட்டது, பெயர்தான் இன்னும் திரும்பவில்லை.

அச்சாணி எழுதியது:

பால்ட்ரிஜ் விருதை நீங்கள் குறிப்பிட்டது எனக்கே வசதியாகிவிட்டது. அது நிறுவனம் நடத்தப்படும் முறைக்கான விருதே தவிர, காருக்கான விருது அன்று. அதை வாங்கியபின் வந்த நார்த்ஸ்டார் எஞ்சினிலும் அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட்டின் மரை பிடுங்கிக்கொண்டு வந்து, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போனது. டீசலில் போல்ட், நார்த்ஸ்டாரிலும் போல்ட்! டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸின் எல்எஸ் 400 குறையே இல்லாமல் வந்ததா என்றால் இல்லை. 1989-இல் அறிமுகமான சில மாதங்களிலேயே ஏறத்தாழ 8,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் வீட்டுக்கே வந்து காரை எடுத்துச் சென்று, சரிசெய்து, கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கியவர் நினைவில் தங்கியது அந்த நடத்தைதான்.

நாலாவது கியர் எழுதியது:

இருவருமே எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே வர மறுக்கிறீர்கள். ஒரு சொகுசுக் காரைத் தெருவில் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா? 1985 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக்கும், அதன் சகோதரப் பெயர்களான பியூக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. எது யாருடைய கார் என்று தெரியாமல் ஆட்கள் தடுமாறுவதைக் காட்டி லிங்கன் விளம்பரமே எடுத்தது. கேடிலாக்கின் சீமாரான் அதைவிட மோசம். அதே குழுமத்தின் மலிவான செவர்லே கேவலியர் காருக்குத் தோலிருக்கை போட்டு, கேடிலாக் சின்னத்தை ஒட்டிய வண்டி அது. (பெயர் மட்டும் கம்பீரமாக இருந்தது.)

மிச்சிகன் மழை எழுதியது:

நாலாவது கியர் அவர்களே, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 1999-இல் வந்த கேடிலாக்கின் பெரிய எஸ்யூவியான எஸ்கலேடும், அதே குழுமத்தின் ஜிஎம்சி யூகான் டெனாலிக்கு வேறு சின்னம் குத்தியதுதான். லிங்கன் நேவிகேட்டரின் விற்பனையைக் கண்டு அவசரமாகச் செய்தார்கள். உங்கள் கணக்குப்படி அது கேடிலாக்கைப் புதைத்திருக்க வேண்டும். மாறாக, இன்று அந்தப் பெயரைத் தூக்கிப் பிடிப்பதே எஸ்கலேடுதான். ஆக, கடன் வாங்கிய உடம்பு குற்றமில்லை என்றாகிறது.

அச்சாணி எழுதியது:

அந்தக் கேள்விக்கு நானே குறுக்கிட்டுப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்கலேடுக்கு அடியில் இருந்த வண்டி தன் வகையில் ஏற்கெனவே வலுவானது, வாங்கியவர் எதிர்பார்த்த கனமும் வி8 எஞ்சினும் அதில் இருந்தன. சீமாரானிலோ 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், 88 குதிரைத்திறன். 1914-க்குப் பிறகு அதுவரை கேடிலாக் நாலு சிலிண்டர் காரே விற்றதில்லை. கடன் வாங்குவதிலும் யாரிடம் வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும்.

மிச்சிகன் மழை எழுதியது:

சரி, ஏற்கிறேன். ஆனால் நிகழ்காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். 668 குதிரைத்திறனும் கையால் மாற்றும் ஆறு கியரும் கொண்ட கேடிலாக் சிடி5-வி பிளாக்விங்கை ஜெர்மன் கார்களோடு நிறுத்திப் பார்த்தவர்கள் யாரும் அதை மட்டமென்று சொல்லவில்லை. கேடிலாக்கின் சூப்பர் க்ரூஸ் ஓட்டுநர் உதவி அமைப்பு, 2018-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழின் ஒப்பீட்டில் டெஸ்லாவையே முந்தியது.

அச்சாணி எழுதியது:

பிளாக்விங் அருமையான கார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதை எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதுதான் என் கவலை. கேடிலாக்கின் சிடி6 காரை 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் காண்டினென்டல் காரோடு லிங்கன் அங்கே செடான் விற்பதையே நிறுத்திவிட்டது. 1980-களில் எச்டி4100 எஞ்சினோடு ஒரு செடானை வாங்கிச் சூடுபட்டவரின் பிள்ளை, மனம் மாறி இன்றைக்கு ஒரு லிங்கன் செடான் வேண்டும் என்று கடைக்குப் போனால், புதியதாகக் காட்ட அங்கே ஒன்றுகூட இல்லை.

நாலாவது கியர் எழுதியது:

அந்தப் பிள்ளை லெக்சஸ் வாங்கிப் பல காலம் ஆகியிருக்கும், அச்சாணி அவர்களே.